தோட்ட நகரமும் தோட்டத்து மக்களும்

“தோட்டம்” என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ்நாட்டுத் தமிழனுக்குப் பூவும் காயும் கிணறும் நினைவுக்கு வரும். இந்நாட்டுத் தமிழனுக்கோ லயமும் பிரட்டும் பால் வாளியும் நினைவுக்கு வரும். தோட்டம் என்னும் அதே பொருளைத் தரும் “தாமான்” என்ற மலாய்ச் சொல்லைப் புதிய வீடமைப்புப் பகுதிகள் பலவற்றின் நுழைவாயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே, தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்தல், சொல்லளவில் நோக்கின், தோட்டத்தை விட்டுத் தோட்டத்திற்கே போதலாகும். பொருளளவில் அது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு இரண்டு ஆங்கில நூல்களைத் துணைக்கொள்கிறோம். ஒன்று, எபனேசர் ஹவார்டு என்பார் 1898-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 1902-இல் “நாளைய தோட்ட நகரங்கள்” என்னும் பொருள்படும் புதுப்பெயரோடு மீண்டும் வெளிவந்த நூல். மற்றொன்று, ஆல்டோ லியோபோல்டு என்னும் அமெரிக்க வனவியல் அறிஞர் எழுதி, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1949-இல் வெளிவந்த “மணல் நாட்டுக் குறிப்பேடு”. முன்னது நகரம் எவ்வாறு அமைய வேண்டும் என்று உரைப்பது. பின்னது நிலத்தோடு மனிதன் எவ்வகை அறத்தில் நிற்க வேண்டும் என்று உரைப்பது. ஆங்கிலப் பள்ளியில் பயின்றோர் தாம் கற்றதைத் தமிழ் மட்டும் அறிந்த உடன்பிறந்தார்க்குச் சொல்லாமல் பூட்டி வைத்தல் முறையன்று. எனவே, இவ்விரு நூல்களையும் கிள்ளான் பள்ளத்தாக்கு என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்க்க முற்படுகிறோம்.

ஓர் எழுத்தர் கண்ட கனவு

ஹவார்டு பெரும் பட்டம் பெற்றவர் அல்லர். கட்டடக் கலை பயின்றவரும் அல்லர். இலண்டன் நாடாளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிழைத்தவர். தோட்டத்து ஆபிசில் பேரேட்டின்முன் அமர்ந்து நாளைக் கழிக்கும் நம்போன்ற கிராணிகளுக்கு இது சற்று ஆறுதல் தரும் செய்தியே.

அவர் கண்ட கனவு இது: ஆறாயிரம் ஏக்கர் நிலத்தை வாங்க வேண்டும். நடுவே ஆயிரம் ஏக்கரில் நகரம். அதைச் சுற்றி ஐயாயிரம் ஏக்கரில் வயலும் தோப்பும் காடும். மக்கள்தொகை 32,000-க்கு மேற்படக் கூடாது. நகரம் நிரம்பிவிட்டால் அது ஊதிப் பெருத்துச் சுற்றியுள்ள வயலை விழுங்குதல் ஆகாது. வயலுக்கு அப்பால் வேறொரு நகரத்தை அமைத்து, இரண்டையும் இரயிலால் இணைக்க வேண்டும். வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் நடந்து போகும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் அழகிய வட்டப் படங்களாக அந்நூலில் காணப்படுகின்றன. அதைப் புகழ்வோர் பெரும்பாலும் அப்படங்களையே புகழ்கின்றனர். ஆனால், அந்நூலின் உயிர் படங்களில் இல்லை. வாடகைக் கணக்கில் இருக்கிறது. கணக்கு எழுதுவோன் கண்ணுக்கு அது உடனே புலப்படும். வெறும் வயலாக இருந்த நிலத்தின் விலை ஏன் ஏறுகிறது? அங்கு மக்கள் வந்து குடியேறுவதால் ஏறுகிறது. அவ்வாறாயின், ஏறிய விலை எவர்க்கு உரியது? குடியேறிய மக்களுக்கே உரியது என்பது ஹவார்டின் விடை. நிலம் முழுவதும் அறங்காவலர் கையில் பொதுவாக இருக்க, அதன் வாடகை முதலில் கடனை அடைக்கவும், பின்னர் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் முதியோர் உதவிக்கும் பயன்பட வேண்டும் என்று அவர் வகுத்தார். இங்கிலாந்தில் 1903-இல் லெட்ச்வொர்த், 1920-இல் வெல்வின் ஆகிய இரு நகரங்கள் இக்கருத்தை ஒட்டி எழுந்தன.

கனவு கடல் கடந்த கதை

இக்கருத்து நம் நாட்டிற்கு வராமல் இல்லை. நியூசிலாந்தில் பிறந்து, தோட்ட நகர இயக்கத்தின் பிரசாரகராக விளங்கி, தென் ஆஸ்திரேலியாவில் நகரமைப்புப் பணி புரிந்த சார்லஸ் ரீட் என்பார் 1921-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்க நகரமைப்பாளராகக் கோலாலம்பூருக்கு வந்தார். அவர் வந்தபோது கோலாலம்பூர் தன் மண்ணைத் தின்று வளரும் வழக்கத்தை முன்னரே பழகியிருந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய ஊரை அழிக்கவே, இனிச் செங்கல்லால் கட்டுக என்று ஆணை பிறந்தது. அச்செங்கல்லுக்கு மண் தோண்டிச் சூளையிட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியபின், அங்கு நம்மவர் இரயில்வேத் தொழிலாளராகவும், யாழ்ப்பாணத்தவர் எழுத்தராகவும் வந்து குடியேறினர். செங்கல்லும் தண்டவாளமும் சேர்ந்து பெற்ற பிள்ளை அவ்வூர்.

நாம் மாதத்தில் ஒருமுறையேனும் கிள்ளானிலிருந்து இரயிலேறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்குப் புத்தகம் வாங்கச் செல்வது வழக்கம். அந்தச் சென்ட்ரல் நிலையமே பழைய இரயில்வே முற்றத்தின்மீது எழுந்து 2001-இல் திறக்கப்பட்டது. வழியில் சாளரத்துக்கு வெளியே கூரைகளுக்கு மேல் கூரைகள் தெரியும். வயதானவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால் அக்கூரைகளைப் பழைய பெயரிட்டு அழைப்பார். ஷா ஆலம் அவருக்குச் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா அவருக்குச் சீபீல்ட் தோட்டம். பெட்டாலிங் ஜெயா, எபிங்ஹாம் தோட்டம். கோலாலம்பூரின் நெரிசலைத் தீர்ப்பதற்கென்று 1952-இல் பெட்டாலிங் ஜெயாவைத் தொடங்கினார்கள். 1978-இல் ஷா ஆலம் மாநிலத் தலைநகராயிற்று. ஊருக்கு ஊர் இடையே இருந்திருக்க வேண்டிய வயல் எங்கே, காடு எங்கே என்று ஹவார்டு இன்று எழுந்து வந்து கேட்பாராயின், பெருஞ்சாலையைத்தான் நாம் அவருக்குக் காட்ட நேரும்.

ஆக, நம் நாட்டினர் ஹவார்டின் நூலிலிருந்து எடுத்துக்கொண்டது பெயரை, விட்டுவிட்டது பொருளை. முன்புறம் சிறு புல்வெளி உடைய வரிசை வீட்டை எடுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் இருக்க வேண்டிய பசுமை வளையத்தை விட்டுவிட்டார்கள். விலகி விலகி வாழும் முறையை எடுத்துக்கொண்டார்கள். நடந்துபோய் வேலை செய்யும் முறையை விட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தின் விலையேற்றம் ஊருக்கு உரியது என்ற தலையாய கொள்கையைத் தொட்டும் பார்க்கவில்லை. நகரம் ஏக்கர் கணக்கில் பரவியது. விலையேற்றமோ ஒரு சில கைகளுக்குள் சுருங்கியது.

நிலமறியாது செய்யும் நன்மை

இனி, நகரமைப்பின் அறத்திற்கு முதற்படி நிலத்தை அறிதல் என்பதற்குக் கிள்ளான் வரலாற்றிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. 1901-இல் கிள்ளான் வட்டார மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கிள்ளானிலும் அன்று புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மக்களை மாய்த்துக்கொண்டிருந்த மலேரியாவைச் சதுப்பு நிலத்து நீரை வடித்துக் கட்டுப்படுத்தினார். தாழ்நிலத்தில் காட்டை வெட்டி வாய்க்கால் எடுத்தால் நோய் குறைந்தது. அதையே குன்றுப் பகுதித் தோட்டங்களில் செய்தபோது நோய் பெருகிற்று! ஏனெனில், தாழ்நிலத்துக் கொசு நிழல் படிந்த தேக்கத்தை நாடுவது. குன்றத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையை நாடுவது. ஒரே செயல் ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நஞ்சு. இதைக் கண்டுபிடிக்கும் முன்னர் எத்தனை தமிழ்க் கூலிகள் அக்குன்றுகளில் மடிந்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதைக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1914, 1915-ஆம் ஆண்டுகளில், பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். நோயை அறியாமல் மருந்து கொடாதே, நெரிசலான தெரு என்பதற்காக வீடுகளை வரிசையாக இடித்துத் தள்ளாதே என்பதே அவருடைய அறிவுரையின் சாரம். இவ்வறிவுரையை நம்மவரும் முழுதும் கேட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1920-களில் மாம்பலத்தின் பெரிய ஏரி நிலத்தின்மேல் தியாகராய நகரை அமைத்தது நீதிக்கட்சி ஆட்சிக் காலத்துச் சென்னை. அந்நகர் அழகிய நகரே; ஆனால், ஏரி போன இடத்தில் மழை எங்கே போகும் என்னும் கேள்வியை 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையின் பல பகுதிகளில் எழுப்பிற்று. நம் தலைவர்கள் செய்தது என்பதற்காகக் குறையைக் குணமென்று கொள்ளுதல் பகுத்தறிவாகாது.

கிள்ளான் ஆறும் அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 1926-இலும் 1971-இலும் கோலாலம்பூரை மூழ்கடித்தது. 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளச் சுரங்கத்தைத் திறந்தார்கள். சிறந்த பொறியியல் வேலை என்பதில் ஐயமில்லை. ஆயினும், 2021 டிசம்பர் 18-ஆம் நாள் பெருமழையில் ஷா ஆலத்தின் தாமான் ஸ்ரீ மூடா கூரை மட்டும் மூழ்கிக் கிடந்ததை நாம் அறிவோம். சுரங்கம் நகரின் நடுவைக் காத்தற்கு வெட்டப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதித் தாழ்நிலத்தில் ஆயிரமாயிரம் வீடுகளைக் கட்டி விற்றபின், அந்நிலம் தாழ்நிலம் என்பதை நீர்தான் நமக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

மேட்டு நிலத்தின் கதையும் வேறன்று. 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களுள் ஒன்று சரிந்து 48 உயிர்கள் மாண்டன. பின்புறக் குன்றின் சரிவில் நீர் வடியும் வழி கெட்டிருந்ததே கேடு விளைத்தது. வழக்கு நடந்து, 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் உள்ளூராட்சி மன்றத்திற்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் வேலை அத்தோடு முடிந்தது. அறத்தின் வேலையோ அங்கேதான் தொடங்குகிறது.

நிலத்துக்கும் அறம் உண்டு

இங்கே லியோபோல்டின் நூல் நமக்குத் தேவைப்படுகிறது. அவர் அறத்தின் வரலாற்றை ஒரு கொடிய காட்சியோடு தொடங்குகிறார். கிரேக்க வீரன் ஒடிசியஸ் நெடும்பயணம் முடிந்து வீடு திரும்பித் தன் அடிமைப் பெண்கள் சிலரை ஒரே கயிற்றில் தூக்கிலிட்டான். அன்று அது குற்றமாகக் கருதப்படவில்லை. அடிமைகள் உடைமைகள், உடைமையைச் செய்வதில் நன்மை தீமை என்ற பேச்சே இல்லை. பின்னர் மனிதனின் அறம் விரிந்து, மனிதர் எவரும் உடைமை அல்லர் என்னும் நிலையை அடைந்தது. நிலம் மட்டும் இன்னும் உடைமையாகவே இருக்கிறது. மண்ணும் நீரும் மரமும் விலங்கும் நம்மோடு சேர்ந்த ஒரு சமுதாயம் என்று கொண்டு, அச்சமுதாயத்தைக் குலைப்பது தவறு என்று கருதும் நாளே அறம் முழுமை பெறும் நாள் என்பது அவர் கொள்கை.

சீரிய கொள்கை. ஆனால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர் இதைப் படிக்கும்போது ஒரு முள் தைக்கிறது. லியோபோல்டு, தான் வாங்கிய பாழ்நிலத்தில் தன் கையால் மரம் நட்டுக் காத்தவர். நிலத்துக்கு உடையவனே நிலத்தை நேசிக்கக் கற்க வேண்டும் என்பது அவர் பேச்சின் அடிநாதம். உடைமை இல்லாமல் நான்கு தலைமுறை உழைத்தவனைப் பற்றி அந்நூல் பேசவில்லை. தோட்டக் கணக்கில் மரத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் இருந்தது. இரண்டும் ஒரே பேரேடு. அப்பேரேட்டில் எழுதப்பட்டிருந்த நாம் நிலத்தின் உடையவரா, நிலத்தோடு சேர்ந்த உடைமையா?

நம் தோட்டத்தின் ஒரு பகுதி விலையாயிற்று. சென்ற ஆண்டு, லயத்துக் குடும்பங்களின் பட்டியல் ஒன்று கேட்டார்கள். பெயர், எத்தனை பேர், எத்தனை ஆண்டு வேலை என்று நாமே வீடுவீடாய்ச் சென்று குறித்து, நாமே தட்டச்சு செய்து கொடுத்தோம். எதற்கென்று நம்மைக் கேட்ட ஒரு பாட்டியிடம், “கணக்குக்குத்தான் ஆயா” என்றோம். அது பொய்யன்று, ஆனால், உண்மையும் அன்று. சில மாதங்களில் அப்பட்டியலின் வரிசைப்படியே வீடு காலி செய்யும் கடிதங்கள் வந்தன. அவற்றோடு ஏறத்தாழ ஒரே வாரத்தில் புதிய வீடமைப்பின் விற்பனைத் தாளும் நம் மேசைக்கு வந்தது. அதில் பசுமை, இயற்கை, அமைதி என்ற மூன்று சொற்களும் திரும்பத் திரும்ப வந்தன. லயத்துக்குப் பின்னால் ஓடும் சிற்றோடை, அத்தாளின் வரைபடத்தில் நேர்க்கோடாக, சிமெந்து வாய்க்காலாக இருந்தது. அவ்வோடை மழைக்காலத்தில் எந்த மரம் வரை ஏறும் என்பதை அப்பாட்டி அறிவார். வரைபடம் வரைந்தோர் அவரைக் கேட்கவில்லை. பட்டியல் எழுதிய நாமும் கேட்கவில்லை.

இது நம் தோட்டத்துக்கு மட்டும் உரிய கதை அன்று. தோட்ட நகரம் என்று உலகமெல்லாம் பாராட்டும் புத்ராஜெயாவைக் கொள்வோம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கில அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டத்தையும் அதன் அண்டைத் தோட்டங்களையும் கொண்டு, 1995-இலிருந்து அந்நகர் எழுப்பப்பட்டது. ஏரியும் ஈரநிலமும் பூங்காவும் அமைத்த திறனை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். பசுமைக்கு இவ்வளவு இடம் விட்ட நகரம் இந்நாட்டில் அரிது. ஆனால், அத்தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்கள் அப்பூங்காவின் ஓரத்தில் அல்ல, டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. மரத்துக்கு நகரத்தில் இடம் கிடைத்தது. மரத்தை வளர்த்தவனுக்குக் கிடைக்கவில்லை. ஹவார்டின் வாடகைக் கணக்கை விட்டுவிட்டு லியோபோல்டின் பசுமையை மட்டும் எடுத்துக்கொண்டால் விளைவது இதுவே.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கதைகளும் கவிதைகளும் தோட்டத்தைப் பொன்னுலகமாக எண்ணிக் கண்ணீர் வடிப்பது வழக்கமாகிவிட்டது. தோட்டம் பொன்னுலகம் அன்று. காட்டை அழித்தே தோட்டம் வந்தது. அக்காட்டில் வாழ்ந்த பூர்வகுடிகளை ஒதுக்கியே வந்தது. புல் பூண்டு இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டும் என்று துரைமார் வகுத்த பழைய களையெடுப்பு முறை, குன்றின் மேல்மண்ணை மழைதோறும் ஆற்றில் கரைத்தது. அவ்வெட்டுக்கத்தியைப் பிடித்தது நம் முன்னோர் கை. பிறர் ஆணையால் பிடித்தனர் என்பது உண்மை, ஆயினும் பிடித்தனர். இதை ஒப்புக்கொள்ளாத இலக்கியம் ஒப்பாரியாகலாமேயன்றி அறமாகாது.

வள்ளுவர் வகுத்த அரண்

இனி நம் சொந்தக் கருவூலத்தையும் பார்ப்போம். திருவள்ளுவர் வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்தார் என்பதை எல்லோரும் சொல்வர். “அரண்” அதிகாரத்தை அவ்வளவாக எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. அங்கே ஒரு குறளில், நாட்டின் அரணாவன யாவை என்று எண்ணும்போது தெளிந்த நீரையும், வெளியான நிலத்தையும், மலையையும், குளிர்ந்த நிழலுடைய காட்டையும் எண்ணுகிறார். மதிலைக் கல்லால் கட்டலாம். காட்டைக் கட்ட முடியாது என்பது உரை எழுதாமலே விளங்கும். காடு நகரத்தின் அலங்காரம் அன்று, அரண். அரணை விற்று வீடு கட்டுவோன் பகைவனுக்குக் கதவு திறப்போன் ஆவான். அன்று பகை வாளோடு வந்தது. இன்று வெள்ளமாகவும் புகையாகவும் வெப்பமாகவும் வருகிறது.

இவ்வரணைக் காத்த ஓர் அண்மைச் செய்தியும் உண்டு. கிள்ளானுக்குத் தெற்கே வட கோல லங்காட் வனக்காப்பகம், நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கும் சதுப்புக் காடு. 2020-இல் அதில் சுமார் 930 ஹெக்டரை வனப்பட்டியலிலிருந்து நீக்கும் அறிவிப்பு வெளியாயிற்று. அக்காட்டை நம்பி வாழும் தெமுவான் பூர்வகுடியினரும், நகரத்து மக்களும், இயற்கைக் காவல் சங்கங்களும் சேர்ந்து பல்லாயிரக்கணக்கான ஆட்சேப மனுக்களை அனுப்பினர். இருந்தும் ஒரு பகுதி நீக்கப்பட்டது என்பது 2021 ஆகஸ்டில் தெரிய வந்தது. எதிர்ப்பு மேலும் வலுக்கவே, செப்டம்பரில் மாநில அரசாங்கம் அம்முடிவைக் கைவிட்டது. அம்மனுக்களில் தோட்டத் தமிழர் பெயர்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தம் காட்டைத் தம்முடையது என்று உரக்கச் சொல்லப் பூர்வகுடிகள் கற்றிருக்கிறார்கள். நாம் இன்னும் கற்கவில்லை.

நாம் செய்ய வேண்டுவன

குறை கூறுவதோடு திறனாய்வு முடிந்துவிடலாகாது. முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். தாமானில் வீடு வாங்கிய நம்மவர் முதல் வேலையாக முன்புறப் புல்வெளியைச் சிமெந்தால் மூடிக் கார் நிறுத்துகின்றனர். வாய்க்கால் என்பது குப்பை போடும் இடம் என்று எண்ணுகின்றனர். ஆற்றங்கரையில் பூசை முடிந்தபின் பூவோடு நெகிழிப் பையையும் ஆற்றில் விடுகின்றனர். தூரத்துத் தாமானில் வீடு என்றால் மதிப்பு, இரயில் நிலையத்துக்கு அருகே அடுக்குமாடி என்றால் இழிவு என்று நினைப்பதும் நம்மிடம் உண்டு. பரந்து விரியும் நகரம் நம் ஆசையையும் தின்றுதான் விரிகிறது.

அடுத்து, அரசாங்கத்தினிடம் கேட்க வேண்டுவன சில. தோட்ட நிலம் வீட்டு நிலமாக மாறும்போது ஏறும் விலையில் ஒரு பங்கு, அந்நிலத்தில் உழைத்தோர்க்கு அந்நிலத்திலேயே வீடாகத் திரும்ப வேண்டும். இதுவே ஹவார்டின் நூலை நேர்மையாய்ப் படித்தவர் சொல்லும் முதற்சொல். குன்றின் சரிவும் ஆற்றின் தாழ்நிலமும் சதுப்புக் காடும் விற்பனைக்கு உரியன அல்ல என்று எழுத வேண்டும். இது லியோபோல்டின் சொல். புதிய வீடுகள் வெளியே வெளியே போகாமல், இரயிலும் பஸ்ஸும் உள்ள இடங்களில், ஏழையும் வாங்கும் விலையில் நெருங்கி அமைய வேண்டும். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்ட வரைவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அவ்வரைவுகள் ஆபிஸ் சுவரில் தொங்கும்போது அவற்றைப் படித்து, தமிழில் விளக்கி, மனு எழுதிக் கொடுப்பது எவர் கடமை? எழுதத் தெரிந்தோர் கடமை. நம்போன்ற கிராணிகளின் கடமை.

நாம் ஒரு பட்டியல் எழுதினோம் என்று மேலே சொன்னோம். அதன் நகல் இன்னும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இப்போது ஓய்வு நேரத்தில் அதே வீடுகளுக்கு மீண்டும் போய் வருகிறோம். ஓடை எதுவரை ஏறும், எந்தச் சரிவில் மண் வழுக்கும், எந்த மரத்தை யார் நட்டார் என்று கேட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதி வருகிறோம். அடுத்த வரைவு சுவருக்கு வரும்போது இப்பட்டியலும் ஆட்சேப மனுவோடு சேர்ந்து போகும். பலன் விளையுமா என்பதை அப்போது பார்ப்போம். படித்த நூல்களுக்கு நாம் செய்யத்தக்க மதிப்புரை இதைவிட வேறில்லை.